கரையில் நின்ற கயிறு

மூன்று நாளாகியும் நாய் காயவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம். குருநகரில் தென்மேற்குச் சோளகக் காற்று கூரைத் தகரங்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி அரைமணி நேரத்தில் மொறுமொறுத்தது. அந்த வெயிலில் முற்றத்து நடுவே கிடந்தும் கறுவலின் வயிற்று மயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மரியநாயகி சாக்கால் துடைத்தாள். சாக்கு நனைந்தது, நாய் காயவில்லை. அது படுத்திருந்த இடத்து மண் கறுத்து ஒரு பாய் அளவுக்கு ஊறிப்போயிருந்தது. சூடை மீன் தலைகளை அவித்து முன்னால் வைத்தாள். முகர்ந்தும் பார்க்கவில்லை. வாசல் படலைப் பக்கம் பார்த்தபடியே கிடந்தது.

இதையெல்லாம் கண்டு பயந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் தனியே திரும்பி வந்த நாயின் கழுத்தில் ஒரு நீலக் கட்டச் சாரத்தின் கிழிசல் சுற்றிக் கிடந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்கு அவளே புருஷன் கனிசியஸுக்கு உடுக்க வாங்கிக் கொடுத்த சாரம். அதைக் கண்டதும் அவளுக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறான், என்னை நினைத்து அனுப்பியிருக்கிறான் என்று நெஞ்சு குதிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று மாதம் காய்ந்து கிடந்த மனசுக்கு ஒரு முழத் துணி போதுமாக இருந்தது.

போரால் இங்கே கடலுக்குப் போகக்கூடாது என்று சட்டம் வந்ததும், கனிசியஸ் கறுவலையும் கூட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போயிருந்தான். சுண்டிக்குளத்துப் பக்கம், வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியின் மீன்வாடியில் கரைவலை இழுக்கும் வேலை. இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. அவனுடைய அண்ணன் சிமியோன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. சிமியோனின் மனைவி லூர்த்தம்மா திறந்தாள்.

"மச்சாள், சொல்லிறன் எண்டு குறை நினைக்காதை. ஒரு ஆம்பிளை மூண்டு மாசம் எழுதேல்லையெண்டால், அவனுக்குச் சோறு போட அங்கை ஆரோ இருக்கினம்."

"அப்பிடி ஒருத்தி இருந்தால் அவளையும் பாத்திட்டு வாறன்" என்றாள் மரியநாயகி.

ஒன்பது வயது மகள் இராசாத்தியை லூர்த்தம்மாவிடம் விட்டாள். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொன்னாள். சும்மா சொல்லவில்லை. அவனைக் கொண்டுவந்து அந்த வீட்டில் நிறுத்தவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். பேச்சையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மீன் லொறி ஒன்றில் மணற்காடு வரை போக இடம் கிடைத்தது. அதற்கப்பால் சுண்டிக்குளம் வரை இருபத்தைந்து மைல்கட்டை தூரம். டீசல் இல்லாததால் உழவுமெஷின் ஒன்றும் ஓடவில்லை. நடக்கவேண்டியதுதான். லொறியை விட்டு இறங்கியதுமே கறுவல் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தது. அவள் நடந்ததும் அதுவும் நடந்தது.

மணற்குன்றுகளுக்கு நடுவில் பாதி புதைந்துபோன பழைய கோயிலுக்கு நேரே சிலுவை போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கினாள். இடது பக்கம் கடல், சோளகக் காலத்துக் கிழக்குக் கடல், ஒரு சத்தமும் இல்லாமல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது; வலது பக்கமிருந்து காற்று குன்றுகளின் தலையைச் சீவி எடுத்துக்கொண்டு வந்து கன்னத்திலும் காதிலும் கண்ணிமை மயிரிலும் மணலை அறைந்தது; இராவணன் மீசைப் புல்லின் பூக்கள் முள்ளுப் பந்துகளாக உருண்டு உருண்டு அவள் காலைக் கடந்து தண்ணீருக்குள் போய் விழுந்தன. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கியது. செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். வாய்க்குள் மணல் நெறுநெறுத்தது. முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு, துணிக்குள் தன் மூச்சின் வெக்கையை மணந்துகொண்டு, அவனைச் சந்தித்ததும் எப்படித் திட்டுவது என்று சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டே நடந்தாள். அது கொஞ்சம் உதவியாக இருந்தது.

நாய் முப்பது அடி முன்னால் போனது. அவள் வேகமாக நடந்தாலும் முப்பது அடி, களைத்து நின்றாலும் முப்பது அடி. குட்டியாக வந்த நாளிலிருந்து அவள் கையால் தின்ற நாய், நடக்கவிடாமல் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்த நாய், இன்று ஒருமுறைகூட அருகில் வரவில்லை. "கறுவல், இஞ்சை வா" என்று கூப்பிட்டாள். நின்றது. வாலாட்டியது. அவ்வளவுதான்.

வழியில் நாகர்கோவில் என்ற சிற்றூரின் கரையில் ஊர் நாய்கள் ஏழெட்டு வள்ளத்து நிழலில் கிடந்தன. இப்போது சண்டைதான் என்று அவள் ஒரு தடியைப் பொறுக்கிக்கொண்டாள். ஒன்றும் குரைக்கவில்லை. கறுவல் கிட்டே வரவர ஒவ்வொன்றாக மூக்கை மணலுக்குள் புதைத்துக்கொண்டன. கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நாயைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு வலையைப் பார்த்தார்கள். அந்நியப் பெண் ஒருத்தி தனியாக நடந்து வந்தால் எங்கே போகிறாய், யாருடைய ஆள் என்று கேட்காத கரை வடபகுதியில் எங்கும் கிடையாது. இவர்கள் கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி, கால் ஆறுவதற்காக உட்கார்ந்தபோதுதான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய காலடிகள் கிடந்தன. நாயின் ஈரக் காலடிகள் கிடந்தன. இரண்டுக்கும் பக்கத்தில், கடற்பக்கமாக, மூன்றாவதாக ஒரு கோடு.

பெருவிரல் பருமனான கோடு. யாரோ ஒரு கயிற்றை மணலில் இழுத்துக்கொண்டு வந்தால் விழும் கோடு. நாயிடம் கயிறு இல்லை. அவளிடமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அது அவளோடு கூடவே வந்திருந்தது. அவள் வளைந்த இடத்தில் வளைந்து, நின்ற இடத்தில் நின்று. காலால் தேய்த்து அழித்துவிட்டு எழுந்து நடந்தாள். நூறு அடி போய்த் திரும்பினாள். அழித்த இடத்திலும் கோடு இருந்தது. அதன் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம், தாளையடிக்கு அப்பால் நாலைந்து ஓலைக் குடிசைகள். ஒரு வாசலில் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடிய ஒரு பெண் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். அருமைநாயகி என்று பெயர் சொன்னாள். நாயைக் கண்டதும் கடகப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரியநாயகியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். புட்டும் மீன்சொதியும் போட்டுத் தந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"மனிசனிட்டையோ போறாய்?"

"ஓம் அக்கா."

"அவராத்தான் கூப்பிட்டவரோ?"

"நாயை அனுப்பினவர்."

அருமைநாயகி விளக்குத் திரியைக் குறைத்தாள், கூட்டினாள், திரும்பவும் குறைத்தாள். "அங்கத்தை வாடியளிலை ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. வைகாசியோடை எல்லாரும் வலையையும் விட்டிட்டு எழும்பிப் போட்டினம்."

"அப்ப அவர்?"

"அவர் நிக்கிறார்."

"ஏன் அக்கா அவர் மட்டும்?"

அருமைநாயகி சாப்பிட்ட தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "உனக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை."

அருமைநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அழுகிறாள் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. தன் கஷ்டத்துக்கு இவ்வளவு இரங்குகிற ஒரு சீவன் இந்த வெறும் மணலில் இருக்கிறதே என்று மரியநாயகிக்குக் கண் கலங்கியது. பாவம், அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

விடிந்ததும் ஒரு போத்தல் தண்ணீரும் வாழையிலையில் கட்டிய புட்டும் தந்து அருமைநாயகி வழியனுப்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டு வாறன் அக்கா" என்றதற்கு, "ஓம். போ" என்றாள். ஒரு கட்டை தூரம் நடந்த பிறகுதான் அது மரியநாயகிக்கு உறைத்தது. இந்த மண்ணில் சண்டைபிடித்து வெளியேறுகிறவனைக்கூட 'போட்டு வா' என்றுதான் அனுப்புவார்கள். வெறும் 'போ' என்று யாரும் சொல்வதில்லை. திரும்பிப்போய்க் கேட்போமா என்று நின்றாள். நாயும் நின்றது. முப்பது அடிக்கு அப்பால், சொட்டச் சொட்ட, பொறுமையாக.

இன்னும் பத்துப் பன்னிரண்டு கட்டைதானே என்று நடந்தாள்.

முதல் வாடி வந்தது. தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக நின்றன. அடுப்பில் இருந்த பானைக்குள் விளிம்புவரை மணல். கொடியில் ஒரு சட்டை காற்றில் அடித்து அடித்து நூல் நூலாகப் போயிருந்தது. வள்ளங்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. வாடி என்றால் மீன் நாற்றம் இருக்கும், ஈ இருக்கும், காகம் இருக்கும். இங்கே எதுவும் இல்லை. கழுவித் துடைத்த சட்டி மாதிரி உப்பு வாசம் மட்டும் இருந்தது. இரண்டாவது வாடியும் அப்படித்தான். மூன்றாவதில் உள்ளே எட்டிப்பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. "அந்தோனியாரே, ஆளைக் காட்டித் தாரும், வேறை ஒண்டும் கேக்க மாட்டன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நடுப்பகலில் காற்று நின்றது.

ஆடியில் சோளகம் நிற்காது. அவள் பிறந்த நாளிலிருந்து நின்றதில்லை. இரண்டு நாளாகக் காதுக்குள் இரைந்த சத்தம் சட்டென்று அறுந்துபோக, தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. மணல் அசையவில்லை. உருண்டுகொண்டிருந்த முள்ளுப் பந்துகள் நின்ற இடத்தில் நின்றன. அந்த அமைதிக்குள் எங்கோ முன்னால், பாரத்தில் முறுகும் கயிறு ஒன்றின் சத்தம். கிறீச். கொஞ்சம் விட்டு, கிறீச்.

நாய் ஓடியது. அவளும் ஓடினாள்.

கனிசியஸ் கரையில் நின்றான்.

கடலைப் பார்த்தபடி, கால் இரண்டும் முழங்கால் மட்டும் மணலுக்குள் போய், உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றான். இரண்டு கையிலும் ஒரு வடம். கரைவலை வடம். அது இறுகி, நேராகத் தண்ணீருக்குள் போனது. தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். இடுப்பில் அந்த நீலக் கட்டச் சாரம், ஓரம் நாய்ப் பல்லால் கிழிந்து.

பக்கத்தில் வேறொருத்தி இல்லை. ஒரு கொட்டில்கூட இல்லை. இரண்டு நாளாக அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"இஞ்சாருங்கோ!"

அவன் தலையை மட்டும் திருப்பினான். அவளைக் கண்டு அவன் முகம் மலரவில்லை. வெட்கப்படுகிறவனின் முகம் அது. பசி, களைப்பு, அதனால்தான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். ஓடிப்போய்ப் போத்தலை அவன் வாயில் வைத்தாள். தண்ணீர் தாடியில் வழிந்தது. அவன் விழுங்கவில்லை.

"நாயகி" என்றான். குரல் உள்ளே எங்கோ இருந்து வந்தது. "கை களைச்சுப்போச்சு. ஒருக்காப் பிடி."

கரைவலை இழுக்கும் ஊர்களில் இது ஒன்று உண்டு. வடத்தின் ஒரு நுனியைக் கரையில் ஒருவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வள்ளம் வலையைக் கொண்டு கடலுக்குள் வளைந்து போகும். மறுநுனி கரைக்கு வந்து சேரும்வரை கரையில் நிற்பவன் விடக்கூடாது. விட்டால் வலை போச்சு, அத்தனை பேருடைய சோறும் போச்சு. அதனால் ஒருவன் 'பிடி' என்றால், யார் என்ன என்று பார்க்காமல் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும். பெண்ணானாலும் சரி, கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போகிறவளானாலும் சரி. அவளுடைய அப்பா யாகோப்பு அவளை அப்படித்தான் வளர்த்தார். மூளை கேட்க முன்னமே கை போய்விடும்.

அவள் கை போய்விட்டது.

கனிசியஸ் விட்டான்.

பாரம் அவள் தோளை உலுக்கியது. குதிகால் மணலைக் கிழித்தது. "ஐயோ, இது இழுக்குது! கெதியா வாங்கோ!" என்று கத்தினாள். அவன் மணலிலிருந்து கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். விழுந்தான். எழும்பினான். தன் உள்ளங்கைகளை விரித்து விரித்துப் பார்த்துக் குழந்தைபோல் விம்மினான். அவள் பக்கம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ!"

"எனக்குப் பிடிக்கத் தந்தவனும் இப்பிடித்தான் போனவன்" என்றான் கனிசியஸ், முதுகைக் காட்டிக்கொண்டு. "ஆரைக் கூப்பிடலாம் எண்டு கனநாள் யோசிச்சன் நாயகி. அண்ணை வரமாட்டார். கூட்டாளியள் ஒருத்தனும் வரமாட்டான். நீ வருவாய். எனக்குத் தெரியும், நீ ஒருத்திதான் வருவாய்."

அவள் கையை விடப் பார்த்தாள். விரல் திறக்கவில்லை. வடத்தில் ஒட்டியிருக்கவில்லை, கட்டியிருக்கவில்லை. வெறுமனே திறக்கவில்லை.

இவனுக்கு உண்மையிலேயே ஒருத்தி இருந்திருக்கலாம். கொழுத்தவளாக, வெற்றிலை போட்டவளாக, இந்தக் கரையில் அவன் தோளில் சாய்ந்து நின்றிருக்கலாம். அவள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன் என்று மரியநாயகிக்குத் தோன்றியது. கட்டினவன் தன்னை மறந்துபோனான் என்றல்லவா பயந்தாள். அவன் மறக்கவில்லை. மூன்று மாதமாக அவளையே நினைத்திருக்கிறான். அருமைநாயகியும் தெரிந்துதான் புட்டுக் கட்டித் தந்திருக்கிறாள். வலை பொத்தியவர்களுக்கும் தெரியும். அந்தக் கரை முழுவதுக்கும் தெரியும்.

"நாயை விட்டிட்டுப் போறன்" என்றான் அவன், நடந்துகொண்டே. "உனக்கு வாறதுக்கு ஆர் இருக்கினமெண்டு யோசி. வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. அதுக்கு விளங்கும்."

குன்றுக்கு மேலே ஏறினான். அந்தப் பக்கம் இறங்கினான். முதலில் கால் மறைந்தது, பிறகு தோள், பிறகு தலை.

வடம் முறுகியது. கிறீச்.

அவள் கடலைப் பார்த்தாள்.

கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்து நின்று, கரைக்குள் பின்னால் பின்னால் அடி வைப்பார்கள். இங்கே தண்ணீருக்குள் வடத்தைப் பிடித்தபடி ஒரு வரிசை நின்றது. கழுத்தளவில் ஒன்று. மூக்களவில் ஒன்று. அதற்கப்பால் தண்ணீருக்குக் கீழே, வெளுத்த முகங்களாக, கண் திறந்து, ஆழத்துக்குள் போய்க்கொண்டே. எல்லாம் கரையைப் பார்த்து நின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு அடி பின்னால் வைத்தன.

அவள் ஒரு அடி முன்னால் போனாள்.

குதிகாலை ஊன்றினாள். நின்றது. ஊன்றினால் நிற்கலாம். அவனும் அப்படித்தான் நின்றிருக்கிறான்.

கறுவல் வந்தது. முப்பது அடியைத் தாண்டி, இருபதைத் தாண்டி, முதல்முறையாக அவள் காலடிக்கே வந்து உட்கார்ந்தது. காதை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தது. சோறு போடும் நேரத்தில் பார்க்கிற அதே பார்வை.

யாரையும் நினைக்கக்கூடாது.

லூர்த்தம்மாவை நினைத்தாள். வேண்டுமென்றே நினைத்தாள். நாய் அசையவில்லை. சிமியோனை நினைத்தாள். அசையவில்லை. குன்றுக்கு அப்பால் போகிறவனை, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு ஆங்காரத்தோடு நினைத்தாள். நாய் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தது.

அருள் நிறைந்த மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே. சொல்லிக்கொண்டே இரு. வேறொன்றும் வேண்டாம். அருள் நிறைந்த மரியே. பெண்களுக்குள்.

கிறீச்.

பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர். நாளை திங்கள். பள்ளிக்கூடம். லூர்த்தம்மாவுக்குத் தலை பின்னத் தெரியாதே, பிள்ளைக்கு யார்...

கறுவல் எழுந்து நின்றது.

"இல்லை" என்றாள். "இல்லை, இல்லை. கறுவல். இரு. இஞ்சை இரு."

நாய் வாலாட்டியது. திரும்பி, ஈரக் காலடி பதிய, வடக்கே ஓடத் தொடங்கியது.